இந்தியாவில் மருத்துவ மேற்படிப்பும் ஆய்வுப் பயிற்சியும்: ஒரு வரலாறு

இந்தியாவில் மேலைமுறை மருத்துவக் கல்வி 1835-இல் தொடங்கியது. அந்த ஆண்டு ஜனவரி இறுதியில் கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரியும், பிப்ரவரித் தொடக்கத்தில் சென்னையில் பொது மருத்துவமனையை ஒட்டி மருத்துவப் பள்ளியும் நிறுவப்பட்டன. சென்னைப் பள்ளி 1850-இல் கல்லூரியானது. பம்பாயில் கிராண்ட் மருத்துவக் கல்லூரி 1845-இல் எழுந்தது. படைக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் துணைநிற்கும் ஆட்களை உருவாக்குவதே இவற்றின் முதல் வேலை. நோயைப் புதிதாக ஆராய்பவரையோ, அடுத்த தலைமுறை ஆசிரியரையோ இங்கேயே உருவாக்கும் எண்ணம் அன்றைய அரசுக்கு இல்லை.

1857-இல் மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. மருத்துவப் பட்டங்களை வழங்கும் பொறுப்பு அவற்றிடம் வந்தது. காலப்போக்கில் எம்.டி. பட்டமும் வழங்கப்பட்டது. ஆனால் அது தேர்வாக இருந்ததேயன்றிப் பயிற்சியாக இருக்கவில்லை. பட்டம் பெற்றவர் தாமாகவே படித்து, தாம் பணிபுரியும் இடத்தில் கிடைத்த அனுபவத்தைக் கொண்டு தேர்வெழுதினார். மருத்துவமனைப் பிரிவில் இருந்து, மூத்தவர் கண்காணிப்பில், ஆண்டுக்கு ஆண்டு பொறுப்பு கூடும் முறை உருவாக இன்னும் நூறாண்டு ஆயிற்று.

லண்டனை நோக்கிய பாதை

அரசின் உயர் மருத்துவப் பதவிகள் இந்திய மருத்துவப் பணி என்ற படைசார் அமைப்பின் கையில் இருந்தன. 1855-இல் அதற்கான போட்டித் தேர்வு இந்தியர்களுக்கும் திறக்கப்பட்டது. வங்காளத்தைச் சேர்ந்த சூரிய குமார் சக்கரவர்த்தி அந்த ஆண்டே தேறினார். ஆனால் தேர்வு நடந்தது லண்டனில். கப்பல் கட்டணமும் அங்கே தங்கிப் படிக்கும் செலவும் தாங்கக்கூடிய குடும்பங்கள் மிகச் சில.

மருத்துவக் கல்லூரிகளின் பேராசிரியர் பதவிகளையும் பெரும்பாலும் இந்தப் பணியின் அதிகாரிகளே வகித்தார்கள். அறுவை மருத்துவத்தில் எஃப்.ஆர்.சி.எஸ்., பொது மருத்துவத்தில் எம்.ஆர்.சி.பி. ஆகிய பிரிட்டிஷ் தகுதிகளே ஒருவரை நிபுணராக்கின. சென்னையிலோ பம்பாயிலோ எவ்வளவு சிறப்பாகப் படித்தாலும், லண்டனோ எடின்பரோ போய்வராதவருக்கு மேல்நிலை எட்டாக்கனியாகவே இருந்தது. இந்த நிலையை எதிர்த்த இந்திய மருத்துவர்கள் தங்களுக்கென இதழ்களையும் சங்கங்களையும் உருவாக்கினார்கள். 1904-இல் சென்னையில் உ. ராமராவும் டி.எம். நாயரும் தொடங்கிய 'ஆன்டிசெப்டிக்' இதழ் அத்தகைய முயற்சிகளில் ஒன்று.

கல்லூரிக்கு வெளியே வளர்ந்த ஆய்வு

மருத்துவ ஆய்வு இந்தியாவில் காலூன்றியது கல்லூரிகளில் அல்ல, அவற்றுக்கு வெளியே எழுந்த ஆய்வகங்களில். 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. அதற்கான தடுப்பூசியை வால்டெமர் ஹாஃப்கின் அங்கேயே உருவாக்கினார். அவர் நடத்திய ஆய்வகம் பின்னாளில் அவர் பெயரையே தாங்கியது. 1897-இல் செகந்திராபாத்தில் பணியாற்றிய ரொனால்ட் ராஸ், மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் சென்னைக் கிண்டியில் கிங் நிறுவனம், இமயமலைச் சரிவில் கசௌலியில் மத்திய ஆய்வு நிறுவனம், 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் என ஆய்வகங்கள் பெருகின. 1911-இல் இவற்றுக்கு நிதி வழங்க இந்திய ஆய்வு நிதிச் சங்கம் ஏற்பட்டது. 1913 முதல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழ் வெளிவந்தது. அந்தச் சங்கமே 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆனது.

குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் சத்துணவு ஆய்வை வளர்த்தார். இந்தியாவின் வெவ்வேறு வட்டார மக்கள் உண்ணும் உணவுகளை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். தீட்டிய அரிசியை மட்டுமே நம்பிய உணவின் குறைகள் அவருடைய பணியால் வெளிப்பட்டன. அந்த ஆய்வகம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. சென்னையில் மருத்துவம் படித்த சி. கோபாலன் அதன் இயக்குநராகி, பிறகு ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கும் உயர்ந்தார்.

ஆய்வகங்கள் தனியே இயங்கியதால் விளைந்த நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. பிளேக், மலேரியா, காலரா போன்ற கொள்ளைநோய்களை முழுநேரமும் ஆராய ஆட்கள் கிடைத்தார்கள். ஆனால் கல்லூரி மாணவர் ஆய்வாளரைக் காணாமலே படித்து முடித்தார். ஆய்வாளரும் மாணவரைக் காணாமலே ஓய்வு பெற்றார். கற்பிக்கும் இடமும் கண்டறியும் இடமும் பிரிந்த இந்த ஏற்பாடு, இந்திய மருத்துவக் கல்வியில் நெடுங்காலம் நீடித்த குறையாயிற்று.

இந்தப் பிளவைச் சரிசெய்யும் முயற்சி கல்கத்தாவில் நடந்தது. லியோனார்ட் ராஜர்ஸின் விடாமுயற்சியால் 1920-களின் தொடக்கத்தில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி அங்கே இயங்கத் தொடங்கியது. ஏற்கெனவே மருத்துவரானவர்கள் வந்து படித்து டிப்ளமோ பெற்றார்கள். மருத்துவமனை, ஆய்வகம், வகுப்பறை மூன்றும் அங்கே ஒருங்கே அமைந்தன. 1932-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் அதே நகரில் அகில இந்தியச் சுகாதார, பொதுநல்வாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது. கல்கத்தாவிலேயே உபேந்திரநாத் பிரம்மச்சாரி, வசதி குறைந்த மருத்துவப் பள்ளி ஒன்றின் சிறிய அறையில் உழைத்து, காலா அசார் நோய்க்கு யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தை உருவாக்கியிருந்தார். கருவிகள் குறைவாக இருந்தும், கண்முன் மாண்டுகொண்டிருந்த நோயாளிகளே அவருடைய ஆய்வுக்குப் பொருளானார்கள்.

அங்கீகார நெருக்கடியும் ஜோசப் போர் குழுவும்

1930-இல் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் இந்தியப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தை நிறுத்தியது. இதன் எதிரொலியாக 1933-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு கவுன்சில் அமைந்தது. தன் மருத்துவர்களின் தரத்தைத் தானே வரையறுக்கும் அமைப்பு நாட்டுக்குக் கிடைத்தது.

1943-இல் ஜோசப் போர் தலைமையில் அரசு அமைத்த குழு, 1946-இல் அறிக்கை அளித்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் மகப்பேறு மருத்துவருமான ஆ. லட்சுமணசாமி முதலியார் அதில் உறுப்பினர். ஏறத்தாழ 6,300 பேருக்கு ஒரு மருத்துவர், 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்ற நிலையைக் குழு பதிவுசெய்தது. பதிவுபெற்ற மருத்துவர்களில் பெரும்பான்மையோர் பட்டம் பெறாத, உரிமச் சான்று மட்டும் பெற்றவர்கள். இவர்களை உருவாக்கிய பள்ளிகளை மூடிவிட்டு ஒரே தரமான பட்டப்படிப்பை நாடெங்கும் கொண்டுவர வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது.

புதிய கல்லூரிகளுக்கு ஆசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்வி உடனே எழுந்தது. அதற்குக் குழு சொன்ன விடை, அகில இந்திய அளவில் ஒரு மருத்துவ நிறுவனம். அங்கே ஆசிரியர்கள் முழுநேரம் பணியாற்ற வேண்டும். ஆய்வும் கற்பித்தலும் சிகிச்சையும் ஒரே குழுவின் கையில் இருக்க வேண்டும். 1959-இல் முதலியார் தலைமையில் அமைந்த மற்றொரு குழுவும், எண்ணிக்கையை விடத் தரத்தையும் மேற்படிப்பு வசதிகளையும் வலுப்படுத்துமாறு வற்புறுத்தியது.

தேசிய நிறுவனங்கள்

கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்து அளித்த நிதியுதவியுடன் டெல்லியில் அந்த அகில இந்திய நிறுவனத்தின் கட்டுமானம் தொடங்கியது. 1956-இல் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகச் சட்டம் நிறைவேறியது. அன்றைய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் இதை முன்னின்று நடத்தினார். பட்டத்தைத் தானே வழங்கும் உரிமையும், ஆசிரியர்கள் தனியே மருத்துவம் பார்க்கக்கூடாது என்ற விதியும் இந்நிறுவனத்தின் அடித்தளமாயின. 1962-இல் சண்டிகரில் மருத்துவ மேற்படிப்பு நிறுவனம் உருவானது. 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய புதுச்சேரி மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், 1964-இல் அப்பெயரில் தொடங்கப்பட்டது. எம்.டி., எம்.எஸ். முடித்தவர்கள் இதயம், நரம்பு, சிறுநீரகம் போன்ற துறைகளில் மேலும் கற்கும் டி.எம்., எம்.சிஎச். படிப்புகளும் அந்தப் பத்தாண்டுகளில் வளர்ந்தன.

டெல்லியில் நோய்க்கூறியல் பேராசிரியராக இருந்த வி. ராமலிங்கசுவாமி, ஆய்வும் கற்பித்தலும் இணைவது எப்படி என்பதைச் செய்து காட்டினார். இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில் முன்கழுத்துக் கழலை பரவலாக இருந்தது. அவரும் சக ஆய்வாளர்களும் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழும் பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் 1956 முதல் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு சென்ற ஊர்களில் குழந்தைகளிடம் கழலை தெளிவாகக் குறைந்தது. இன்று சமையலறை தோறும் உள்ள அயோடின் உப்புக்கு இந்த ஆய்வு வலுவான ஆதாரமாயிற்று.

வேலூரும் சென்னையும்

தேசிய நிறுவனங்கள் எழுவதற்கு முன்பே தமிழகத்தில் சிறப்புத் துறைகள் வேர்விட்டிருந்தன. 1918-இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்காகத் தொடங்கிய வேலூர் மருத்துவப் பள்ளி, 1942-இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. மான்ட்ரியலில் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி, 1949-இல் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை அங்கே தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அத்துறையைத் தொடங்கினார். இருவரும் வேறு இருவருடன் சேர்ந்து 1951-இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் இந்திய மருத்துவர் ஒருவர் வெளிநாடு செல்லாமலே மூளை அறுவையைக் கற்க வழி பிறந்தது.

பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைவிரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையை 1940-களின் இறுதியில் உருவாக்கினார். உணர்விழந்த கையில் ஏற்படும் காயங்களே விரல்களைச் சிதைக்கின்றன என்பதை அவர் கண்காணித்து நிறுவினார். உலகம் ஒதுக்கிவைத்த நோயாளிகளிடமிருந்து பிறந்த இந்த அறிவைக் கற்க மேலைநாட்டு மருத்துவர்களும் வேலூர் வந்தார்கள். அதுவரை ஒருவழியாகச் சென்ற கல்விப் பயணம் இங்கே திசைமாறியது. அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் நிறுவனம், 1984-இல் புற்றுநோய் மருத்துவத்திலும் அறுவையிலும் உயர்சிறப்புப் படிப்புகளைத் தொடங்கி நாட்டுக்கு முன்னோடியானது.

எல்லாவற்றினும் தொலைநோக்குள்ள பணி சென்னையில் நடந்தது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை அமைத்தன. அன்று காசநோய்க்கு, சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் ஓராண்டு வாசம், சத்தான உணவு, முழு ஓய்வு ஆகியவை இன்றியமையாதவை என்று நம்பப்பட்டது. இந்தியாவில் இருந்த படுக்கைகளோ தேவையில் மிகச் சிறு பங்கு. எனவே மையம் ஒரு நேரடியான கேள்வியை எடுத்துக்கொண்டது: மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிட்டால் குணமாகுமா?

நகரின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் தற்போக்கு முறையில் இரு பிரிவாக்கப்பட்டார்கள். ஒரு பிரிவு சானடோரியத்திலும் மற்றது வீட்டிலும் அதே மருந்துகளை ஓராண்டு பெற்றது. வீட்டுப் பிரிவினர் நெருக்கமான குடிசைகளில், குறைந்த உணவில், பலர் வேலைக்கும் போய்க்கொண்டே சிகிச்சை பெற்றார்கள். ஆண்டின் முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு, உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவதற்குக் காரணமான சான்றுகளில் முதன்மையானது.

அந்த மையம் பயிற்சிக்களமாகவும் விளங்கியது. மருத்துவர், செவிலியர், புள்ளியியலாளர், நுண்ணுயிரியலாளர், வீடு தேடிச் செல்லும் சுகாதாரப் பார்வையாளர் எல்லோரும் ஒரே நெறிமுறையைக் கடைப்பிடித்தார்கள். மருந்து உட்கொண்டாரா என்பதை அறியச் சிறுநீர்ப் பரிசோதனை, முன்னறிவிப்பின்றி வீட்டில் மாத்திரை எண்ணுதல், ஐந்தாண்டு வரை தொடர்ந்து கண்காணித்தல் என ஒவ்வொன்றும் எழுதி வைத்த முறைப்படி நடந்தது. சிகிச்சைப் பரிசோதனையை ஏழை நாட்டிலும் உயர்ந்த தரத்தில் நடத்தலாம் என்று ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் இங்கே கற்றார்கள்.

மேற்படிப்பின் அன்றாடம்

இக்காலத்தில் மேற்படிப்பின் வடிவமும் நிலைபெற்றது. அரசு மருத்துவமனைகளில் துறை பல யூனிட்டுகளாகப் பிரிந்தது. யூனிட்டின் தலைவரான சீஃப், அவருக்குக்கீழ் உதவிப் பேராசிரியர்கள், அடுத்துப் பி.ஜி. எனப்படும் மேற்படிப்பு மாணவர்கள், கடைசியில் ஹவுஸ் சர்ஜன்கள். வாரத்தில் குறித்த நாள்களில் வெளிநோயாளர் பிரிவு, ஒரு நாள் சேர்க்கை நாள், அன்றிரவு முழுதும் டியூட்டி. மூன்றாண்டுகளின் இறுதியில் எழுத்துத் தேர்வும், நோயாளியைப் பரிசோதித்து விளக்கும் லாங் கேஸ், ஷார்ட் கேஸ் தேர்வுகளும், வைவாவும் நடந்தன.

இந்த முறையின் வலிமை அதன் நோயாளிகளிலேயே இருந்தது. மேலைநாட்டு மாணவர் புத்தகத்தில் மட்டும் படிக்கும் நோய்நிலைகளை, சென்னையிலும் மதுரையிலும் படிப்பவர் வார்டிலேயே பலமுறை காண்கிறார். கண்ணும் கையும் தேர்ந்த மருத்துவர்களை இப்பயிற்சி உருவாக்கியது. அதன் குறையும் அதே கூட்டத்திலிருந்தே வந்தது. நூறு பேரைப் பார்த்து முடித்த மாணவருக்கு, அவர்களில் ஒருவரைப் பற்றி ஆழ்ந்து கேட்க நேரம் எஞ்சவில்லை. ஆய்வேடு கட்டாயமாக இருந்தும், பல இடங்களில் அது தேர்வுக்கு முன் பைண்டு செய்து ஒப்படைக்கும் சடங்காயிற்று. புள்ளியியலும் ஆய்வு வடிவமைப்பும் முறையாகக் கற்பிக்கப்படவில்லை. வழிகாட்டும் ஆசிரியருக்கே அவற்றில் பயிற்சி கிடைத்திருக்கவில்லை.

இடங்கள், தேர்வுகள், கிராமப்புறம்

மேற்படிப்பு இடங்களுக்கான போட்டி 1970-களிலிருந்து கடுமையாயிற்று. 1975-இல் பிரிட்டன் இந்தியப் பட்டங்களை நேரடியாக ஏற்பதை மீண்டும் நிறுத்தித் தனித்தேர்வைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு தேசிய மருத்துவ அறிவியல் அகாதெமியின் பிரிவாகத் தேசியத் தேர்வு வாரியம் உருவாகி, 1982-இல் தன்னாட்சி பெற்றது. மருத்துவக் கல்லூரி அல்லாத மருத்துவமனைகளிலும் பயிற்சி பெற்று நிபுணராக அதன் டி.என்.பி. என்ற தகுதி வழிசெய்தது. தமிழ்நாட்டில் 1988 முதல் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் பட்டங்களை வழங்கும் பொறுப்பை ஏற்றது.

தமிழ்நாடு தனக்கென ஒரு வழியையும் கண்டது. ஆரம்பச் சுகாதார நிலையங்களில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் பாதி இடங்கள் ஒதுக்கப்பட்டன. கிராமத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியவர் சர்வீஸ் பி.ஜி. ஆகச் சேர்ந்து, படிப்பு முடிந்ததும் அரசுப் பணிக்கே திரும்பினார். மாவட்ட, வட்ட மருத்துவமனைகளில் மகப்பேறு, மயக்கவியல், குழந்தை மருத்துவ நிபுணர்கள் கிடைத்ததற்கு இந்த ஏற்பாடு பெருங்காரணம். பேறுகாலத் தாய் இறப்பைக் குறைத்ததில் தமிழ்நாடு முன்னணியில் நிற்பதற்கும் இது துணைசெய்தது. 2016-இல் வந்த ஒரு தீர்ப்பால் இவ்வொதுக்கீடு தடைப்பட்டது. 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, பணியிலிருக்கும் மருத்துவர்களுக்கு ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என உறுதிசெய்தது.

தனியார் கல்லூரிகளின் பெருக்கம் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. கதிரியல், தோல் மருத்துவம் போன்ற துறைகளின் இடங்கள் பெருந்தொகைக்கு விலைபோயின. நாடு தழுவிய நீட் முதுநிலைத் தேர்வு 2012 இறுதியில் முதன்முதலாக நடந்தது. 2014-க்கு முன் 31,185 ஆக இருந்த முதுநிலை இடங்கள், பத்தாண்டில் 70,000-ஐத் தாண்டின. ஆனால் தரப்பட்ட பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பாணியிலான போட்டி, ஹவுஸ் சர்ஜன் ஆண்டை வார்டிலிருந்து பயிற்சி மையத்துக்கு இழுத்துச் சென்றது.

ஆய்வுப் பயிற்சியைச் சீர்செய்யும் முயற்சிகள்

ஆய்வறிவை மருத்துவர்களுக்கு முறையாகக் கற்பிக்க 1980-களில் பன்னாட்டு மருத்துவக் கொள்ளைநோயியல் வலையமைப்பு முன்வந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உருவாக்கிய இத்திட்டத்தில், வளரும் நாடுகளின் இளம் ஆசிரியர்கள் ஆய்வு வடிவமைப்பும் புள்ளியியலும் கற்றுத் தம் கல்லூரிக்கே திரும்பினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரி, திருவனந்தபுரம், டெல்லி முதலிய இடங்களில் இதற்கான அலகுகள் அமைந்தன. 2001-இல் சென்னையிலுள்ள தேசியக் கொள்ளைநோயியல் நிறுவனம், அரசு மருத்துவர்களுக்குக் களத்திலேயே பயிற்சி தரும் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் மருத்துவரையும் பொறியாளரையும் ஒரே வளாகத்தில் சேர்த்தது. எம்.எஸ். வலியத்தான் தலைமையில், வாதக்காய்ச்சலால் இதய வால்வு பழுதான ஏழை நோயாளிகளுக்காகச் செயற்கை வால்வு உருவாக்கப்பட்டது. முந்தைய மாதிரிகள் தோற்றபின், 1990 டிசம்பரில் முதல் சித்திரா வால்வு ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை பயன்பட்டுள்ளன.

இத்தகைய வெற்றிகள் பரவலாகவில்லை என்பதை 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 579 மருத்துவ நிறுவனங்களின் பத்தாண்டு வெளியீடுகளைக் கணக்கிட்டபோது, 332 நிறுவனங்களிலிருந்து ஒரு கட்டுரைகூட வந்திருக்கவில்லை. ஆண்டுக்கு நூறு கட்டுரைகளுக்கு மேல் தந்தவை 25 மட்டுமே. பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற விதி, தரமற்ற இதழ்களில் பணம் கட்டி வெளியிடும் வழக்கத்தைத்தான் வளர்த்தது.

இதைத் திருத்தச் சில அடிகள் எடுக்கப்பட்டுள்ளன. 2007-இல் தொடங்கிய சிகிச்சைப் பரிசோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவுசெய்வது 2009-இல் கட்டாயமானது. முதுநிலை மாணவர்களும் ஆசிரியர்களும் தேசியக் கொள்ளைநோயியல் நிறுவனம் இணையவழி நடத்தும் அடிப்படை ஆய்வுப் படிப்பை முடிக்க வேண்டும். 2020-இல் மருத்துவக் கவுன்சிலின் இடத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் ஏற்றது. அதே ஆண்டு, ஒவ்வொரு முதுநிலை மாணவரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

விதி மட்டும் ஆய்வாளரை உருவாக்குவதில்லை. காங்ராவின் கழலை, சென்னையின் காசநோய், வேலூரின் தொழுநோய், திருவனந்தபுரத்தின் வாதக்காய்ச்சல் இதயம் ஆகிய நான்கிலும் கேள்வி அந்தந்த ஊர் நோயாளியிடமிருந்து எழுந்தது. அதைத் தொடர்ந்து கேட்க ஆசிரியருக்கு நேரமும், துணைக்குப் புள்ளியியலாளரும், நிலையான நிதியும் இருந்தன. இந்த மூன்றும் மாவட்டக் கல்லூரிகளுக்கும் எட்டினால், அங்கே ஏற்கெனவே நிறைந்திருக்கும் நோயாளிகளே மேற்படிப்பு மாணவரின் ஆய்வுக்குப் போதிய பொருளாவார்கள். அந்த ஆய்வின் முதல் பயனும் அவர்களையே சேரும்.